கறியில்லாத பர்கரும் கறி சுட்ட கல்லும்

2019-ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றிலுள்ள பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் நான் பர்கர் சுட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பருவத்தில்தான் வந்து சேர்ந்திருந்த மதுரைப் பையன் ஒருவன், மேலே ஒளிர்ந்த பலகையில் இம்பாசிபிள் பர்கரைக் காட்டி, "அண்ணா, இது சைவந்தானே?" என்று கேட்டான். "சைவந்தான் தம்பி, சோயால செஞ்சது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வெந்துகொண்டிருந்த மாட்டுக்கறியைப் புரட்டிய அதே திருப்பியால் அவனுடையதையும் புரட்டினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவன் அதைப் பார்த்துவிட்டான். "அதே கல்லாண்ணா?" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. காசு கொடுத்தாயிற்று என்பதாலோ, ஊர்க்காரன் முகம் வாடக்கூடாது என்பதாலோ, சண்டை போடாமல் வாங்கிக்கொண்டு போனான். ஆனால் பர்கரைப் பிரிக்கவே இல்லை. கூட வந்த உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் தின்றுவிட்டு, மற்றதைத் தட்டோடு வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த வறுவலும் கோழித்துண்டு பொரித்த எண்ணெயில்தான் பொரிந்தது என்பது, அவன் போய் வெகுநேரம் கழித்து, எண்ணெய்ச் சட்டியைக் கழுவும்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

நான் சைவக் குடும்பத்துக்காரன் அல்லன். விருதுநகர்ப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி எடுக்கும் வீடு. ஆனாலும் எங்கள் அப்பத்தா மீன் சட்டியை அடுப்படிக்குள் சேர்க்கவே மாட்டார். பின்கட்டில் ஒரு கல்லின்மேல் கவிழ்த்து வைத்திருப்பார். வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் அந்தச் சட்டியைத் தொட்ட கையோடு சோற்றுப்பானையைத் தொட்டால் வீடே அதிரும். இன்ன பொருளைச் சமைக்கிறோம் என்பது ஒன்று, எந்தச் சட்டியில் சமைக்கிறோம் என்பது வேறொன்று என்பதைப் பேசக் கற்றுக்கொள்ளும் முன்பே கற்றுக்கொண்ட வீட்டில் வளர்ந்தவன், ஒரு பெரிய எஃகுக் கல்லின் முன்னால் கையுறை மாட்டி நின்றதும் அதை அப்படியே மறந்துபோனேன் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. அந்தக் கடையில் நான் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வேலை பார்த்தேன். மாணவர் விசாவில் வந்தவர்கள் பாடம் நடக்கும் பருவத்தில் வளாகத்துக்குள்ளேயே வாரத்துக்கு 20 மணிநேரம் வரை வேலை செய்யலாம் என்பதால், நம்மவர்களில் பலருக்கு அமெரிக்க அடுக்களை அறிமுகமாவது இப்படித்தான். அங்கே கற்றதையும், பிறகு சைவக் குடும்பத்தில் பெண்ணெடுத்தபின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கற்றதையும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னுக்கு நடுவில் வைக்கும் வட்டத்தை இங்கே 'பேட்டி' என்கிறார்கள். தமிழில் அப்படி எழுதினால் யாரோ யாரையோ நேர்காணல் எடுப்பதுபோல் ஆகிவிடும் என்பதால், நான் வடை என்றே சொல்லிக்கொள்கிறேன். இம்பாசிபிள் ஃபுட்ஸ் நிறுவனத்தை 2011-இல் தொடங்கிய பேட்ரிக் பிரவுன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர். மாட்டுக்கறிக்கு அந்த நிறத்தையும் மணத்தையும் தருவது இரத்தச் சிவப்பான 'ஹீம்' என்ற பொருள் என்றும், அதே வகைப் பொருள் சோயாச் செடியின் வேர் முடிச்சுகளிலும் இருக்கிறது என்றும் கண்டு, அந்தச் சோயா மரபணுவை ஈஸ்ட்டில் புகுத்தி, நொதிக்கவைத்து, பெரிய அளவில் உற்பத்தி செய்தார்கள். 2019 தொடக்கத்தில் கோதுமைப் புரதத்தை எடுத்துவிட்டுச் சோயாப் புரதத்தை வைத்தார்கள். அதன் பிறகு வந்த வடையைத்தான் நாங்கள் சுட்டோம். சோயாப் புரதம், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், உருளைக்கிழங்குப் புரதம், மெத்தில் செல்லுலோஸ், உப்பு, அந்த ஹீம், இன்னும் சில. போட்டியாளரான பியாண்ட் மீட், சோயாவைத் தொடாமல் பட்டாணிப் புரதத்தையும் நிறத்துக்குப் பீட்ரூட்டையும் நம்புகிறது. நம் வீடுகளில் குருமாவில் மிதக்கும் மீல் மேக்கரும் சோயாதான். ஆனால் அது தான் கறியென்று யாரையும் நம்பவைக்க முயல்வதில்லை, இது முயல்கிறது. வித்தியாசம் அவ்வளவே என்றுதான் முதலில் நினைத்தேன். கல்லில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இது சமையற்காரனையும் ஏமாற்றுகிறது.

உறைநிலையில் அட்டைப்பெட்டியில் வரும் அதை முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வைப்போம். மறுநாள் காகிதத்தைப் பிரித்தால், இளஞ்சிவப்பு மாவில் அரிசிக் குருணைபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவைதான் இறுகிய தேங்காய் எண்ணெய். நம் ஊர் மார்கழியில் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்கும் அதே எண்ணெய், ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும். ஆகவே வடை கல்லில் விழுந்த சில நொடிகளிலேயே புள்ளிகள் கண்ணாடியாகி, ஓரங்களில் நுரைத்து, உஸ்ஸென்று சத்தம் கிளம்பும். சிவப்பு நிறம் அடியிலிருந்து மேல்நோக்கிக் கோடு ஏறுவதுபோலப் பழுப்பாகும். பச்சைக் கறியை முகர்ந்தே பழகிய சமையற்காரர்கள்கூட இந்தக் கட்டத்தில் எது எதுவென்று ஒரு நொடி தடுமாறுவார்கள். நான் தடுமாறியிருக்கிறேன். கூட்டநேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு வடைகள் வெந்துகொண்டிருக்கும்போது, எது செடி எது மாடு என்று குழம்பி, மேலாளரைக் கூப்பிட்டு, அவரும் குழம்பி, கடைசியில் நான்கையும் குப்பையில் போட்டிருக்கிறோம்.

இந்த வடையைச் சுடுவதில் சமையற்காரன் செய்யும் முதல் தவறு, அவசரப்பட்டுத் திருப்புவது. மெத்தில் செல்லுலோஸ் என்பது வினோதமான பசை. ஜெலட்டினும் கடற்பாசியும் சூட்டில் இளகிக் குளிரில் இறுகும் என்றால், இது சூட்டில் இறுகிக் குளிரில் இளகும். அதனால் அடிப்பக்கம் நன்றாகச் சூடேறி இறுகும்வரை அது கல்லை விடாது. முதல் தோசையைப் பொறுமையின்றிச் சுரண்டி எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். இரண்டாவது தவறு, திருப்பியை வைத்து அழுத்துவது. மாட்டுக்கறி வடையை அழுத்திச் சுடுபவர்கள் உண்டு, அது தனிக் கலை. ஆனால் செடி வடையை அழுத்தினால் உருகிய தேங்காய் எண்ணெய் முழுவதும் கல்லுக்குப் போய், உள்ளே சக்கைதான் மிஞ்சும். மூன்றாவது, சுட்டதை எடுத்துச் சூட்டுப்பெட்டியில் வெகுநேரம் காத்திருக்க வைப்பது. ஆறினால் பசை இளகும் என்றேனே, அதனால்தான் வீட்டுக்கு வாங்கிப் போய் அரைமணிநேரம் கழித்துத் தின்பவர்கள், "என்ன இது, கொழகொழவென்று இருக்கிறது" என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். கடையிலேயே உட்கார்ந்து சூடாகத் தின்னுங்கள். கொண்டுபோனால் மைக்ரோவேவில் வைக்காமல், காய்ந்த வாணலியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிடம் காட்டுங்கள். மறுபடி இறுகிக்கொள்ளும்.

இவையெல்லாம் ருசியைப் பற்றியவை. நம்மவர்கள் கேட்கும் கேள்வி வேறு. அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் என் கல்லையே புதிதாகப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்றடி அகலமுள்ள எஃகுத் தட்டு, கீழே எரிவாயு, தட்டு நம் கண்ணுக்குத் தெரியாத அளவு முன்பக்கம் சரிந்திருக்கும், கொழுப்பு வழிந்து முன்னாலுள்ள வாய்க்காலில் விழுவதற்காக. "இடது ஓரத்தைச் செடிக்கு ஒதுக்கியிருக்கிறோம்" என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், ஒதுக்கத்தான் செய்தோம். ஆனால் கொழுப்புக்குக் கோடு தெரியாது. கறி வெடித்துத் தெறிக்கும் துளிகள் ஒரு முழம் போகும். பகல் பன்னிரண்டரைக்கு வரிசை கதவைத் தாண்டிவிட்டால் இடது ஓரமும் மாட்டுக்குப் போய்விடும். பன்னை வாட்டும் இயந்திரம் ஒன்றுதான். கையுறையை மாற்றுவது, பச்சைக் கறியைத் தொட்டபின் கட்டாயம் என்றாலும், வெந்த கறியைத் தொட்டபின் யாரும் மாற்றுவதில்லை. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல. அந்த அடுக்களை வேகத்துக்காகக் கட்டப்பட்டது, தனிச் சட்டிக்காகக் கட்டப்படவில்லை.

இதில் நம்பிக்கை சாராத ஒரு விஷயமும் உண்டு. அதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். அரைத்த மாட்டிறைச்சி நடுப்பகுதிவரை 71 டிகிரி செல்சியஸ் வேகவேண்டும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்வது சும்மா இல்லை. பச்சைக் கறியைப் புரட்டிய திருப்பி, வெந்து முடிந்த உங்கள் செடி வடையைத் தூக்கினால், அது ஆசாரப் பிரச்சினை மட்டும் அல்ல, வயிற்றுப் பிரச்சினையும்கூட. "எனக்குப் பக்கத்தில் கறி வெந்தால் பரவாயில்லை" என்று சொல்பவர்களும், சுத்தமான திருப்பி வேண்டும் என்று கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒன்றில் சோயா, மற்றதில் பட்டாணி. நிலக்கடலை ஒவ்வாதவர்களில் சிலருக்குப் பட்டாணிப் புரதமும் ஒவ்வாது. பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

என் கடை சிறியது. அதே கேள்வி நாடு முழுவதற்கும் எழுந்தது அதே ஆண்டில்தான். 2018-இல் ஒயிட் காசில் என்ற பர்கர் கடைத்தொடர் சின்ன அளவில் ஆரம்பித்துவைத்ததை, பர்கர் கிங் 2019 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கடைகளில் சோதித்து, ஆகஸ்டில் நாடெங்கும் 'இம்பாசிபிள் வாப்பர்' என்று விற்கத் தொடங்கியது. "100% வாப்பர், 0% மாட்டுக்கறி" என்பது விளம்பரம். அந்தக் கடைகளில் கல் கிடையாது, சங்கிலிச் சூளைதான். உறைந்த வடையை ஒரு முனையில் வைத்தால், ஓடும் கம்பிச் சங்கிலி அதை நெருப்புக்கு நடுவே இழுத்துச் சென்று, மறுமுனையில் வெந்ததாகத் தள்ளும். அவர்களுடைய பெருமையே அந்தத் தீ வாட்டிய மணம்தான். மாட்டுக்கறி போகும் சங்கிலியிலேயே செடி வடையும் போயிற்று. 2019 நவம்பரில், விலங்குப் பொருள் எதையும் தொடாத ஒருவர், தான் வாங்கிய வடைமீது கறியின் மிச்சம் ஒட்டியிருக்கிறது என்று ஃபுளோரிடாவில் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கறியில்லாத வடை தருகிறோம் என்றார்கள், தந்தார்கள். எப்படிச் சுடுவோம் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டிருக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். கேட்பவர்களுக்குச் சூளையில் போடாமல் வேறு வழியில் தயாரித்துத் தருவோம் என்று நிறுவனம் தன் இணையதளத்தில் முன்பே எழுதியிருந்தது.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வெட்கம்தான் வந்தது. "சைவந்தான் தம்பி" என்று நான் சொன்னதும் இதே தர்க்கம்தானே? பொருளைப் பற்றிய உண்மையைச் சொல்லி, அடுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிரிட்டனில் கணக்கு வேறாக முடிந்தது. அங்கே 2020 ஜனவரியில் அதே நிறுவனம் 'ரெபெல் வாப்பர்' என்று சோயா வடை போட்ட பர்கரை விற்றது. கறியோடு சேர்த்தே சுட்டார்கள், முட்டை கலந்த மயோனைஸும் தடவினார்கள். விளம்பரத்தைப் பார்த்தால் முழுக்கச் செடியென்று மக்கள் நம்பிவிடுவார்கள் என்று விளம்பரத் தர ஆணையம் அந்த விளம்பரங்களைத் தடுத்தது. மயோனைஸை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நம்மவர்கள் வடையை மட்டும் விசாரித்துவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் பர்கர் கடைகளின் வழக்கமான மயோனைஸில் முட்டை உண்டு. முட்டையும் தொடாதவர்கள் "மயோ வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுக்களையில் பயன்படுத்தும் சட்டியைப் பற்றி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு மெக்டொனால்ட்ஸின் 'மெக்பிளாண்ட்' என்ற செடி பர்கர் நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனில் அதற்கு முட்டையும் பாலும் இல்லாத கூட்டுப்பொருள்களை வைத்து, தனிக் கரண்டி இடுக்கிகளோடு கறியிலிருந்து பிரித்தே சமைத்தார்கள். அதே பெயரை அமெரிக்காவில் 2021 நவம்பரில் எட்டுக் கடைகளிலும், பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோ, டாலஸ் பகுதிகளில் அறுநூறு கடைகளிலும் சோதித்தபோது, கறி வேகும் கல்லிலேயே போட்டார்கள். சோதனையும் 2022-இல் முடிந்துபோனது. 2022 ஜனவரியில் கேஎஃப்சி செடிக் கோழியை நாடெங்கும் விற்றபோது, கோழி பொரிக்கும் எண்ணெயிலேயே பொரிப்பதால் சைவ முறைப்படி தயாரானது அல்ல என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நேர்மையான சொல், ஆனால் சின்ன எழுத்தில்.

வறுவலின் கதை இன்னும் பழையது. மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதை 1990-இல் நிறுத்தித் தாவர எண்ணெய்க்கு மாறியபோது, சைவர்கள் நிம்மதியாகத் தின்னத் தொடங்கினார்கள். ஆனால் வறுவலில் மாட்டுச் சுவையூட்டி கலந்திருந்தது. 2001-இல் சியாட்டிலைச் சேர்ந்த இந்திய வம்சாவளி வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து, சைவ உணவு அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த நிறுவனமே 1996-இல் டெல்லியில் கடை திறந்தபோது மாட்டுக்கறி இல்லாமலும், சைவத்துக்கும் அசைவத்துக்கும் அடுக்களையைப் பிரித்தும்தான் திறந்தது. முடியாத காரியமில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? இந்தியாவில் கேட்பார்கள் என்று தெரியும், பிரித்தார்கள். அமெரிக்காவில் கேட்பவர் குறைவு, பிரிக்கவில்லை. பொட்டலத்தில் பச்சைப் புள்ளி தேடிப் பழகிய கண்ணோடு இங்கே வருபவர்கள், பலகையில் இலைப் படத்தைப் பார்த்ததும் அதையே பச்சைப் புள்ளி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது பொருளைப் பற்றிய படம் மட்டுமே.

2023 கோடையில் மாமனாரும் அத்தையும் எங்களைப் பார்க்க வந்தார்கள். மனைவியின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். தலைமுறை தலைமுறையாகச் சைவம். காரில் ஸ்மோக்கி மலைக்குப் போகும் வழியில், கட்டிக்கொண்டுபோன புளியோதரை முதல்நாளே தீர்ந்துவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் நிறுத்தினேன். நான்தான் அடுக்களை அறிந்தவனாயிற்றே, டிரைவ் த்ரூ ஒலிபெருக்கியில், "இம்பாசிபிள் பர்கர் இரண்டு, சூளையில் போட வேண்டாம், மயோ வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்னேன். மறுமுனையில் சற்றுநேரம் மௌனம். பிறகு "சரி" என்றது குரல். ஜன்னலில் வாங்கி, காகிதத்தைப் பிரித்ததும் அத்தை கையிலிருந்ததை உற்றுப் பார்த்தார். வடையின்மேல் கறுப்புக் கோடுகள், கம்பிச் சூடு போட்டதுபோல, வரிசையாக. நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் மெதுவாகக் கேட்டார்: "மாப்பிள்ளை, சட்டி தனியா வச்சிருக்காங்களான்னு கேட்டீங்களா?"

காரை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். முகப்பில் நின்ற பெண்ணுக்கு வயது பதினெட்டு இருக்கும். சூளையில் போடாமல் எப்படிச் செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பில் போடும் இயந்திரத்தில் அதற்கென்று பொத்தான் இல்லாததால் ஒலிபெருக்கியில் கேட்டவர் அதை அடிக்கவே இல்லை. சண்டை பிடிக்க வாய் வந்தது. ஆனால் நானே அந்த இடத்தில் நின்றவன். "பச்சை வடையை ஒரு சுத்தமான தட்டில் வைத்து மைக்ரோவேவில் வேகவைத்துத் தர முடியுமா? கையுறை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கறி சாப்பிடுவதில்லை" என்றேன். "ஓ, அவ்வளவுதானே" என்றாள். என் கண்முன்னாலேயே செய்து கொடுத்தாள், காசும் வாங்கவில்லை. அத்தை சாப்பிட்டார். "ஆறிப்போன பருப்பு வடை மாதிரி இருக்கு" என்றார். மைக்ரோவேவில் வெந்தால் மேலே அந்த முறுகல் வராது, தீ மணமும் இருக்காது. சுத்தத்துக்குக் கொடுக்கும் விலை அது.

அன்றிலிருந்து நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். "இது சைவமா" என்று கேட்பதில்லை. அதற்குப் பதில் எப்போதும் "ஆம்"தான். "இதை எதன்மேல் சுடுகிறீர்கள்? அதே இடத்தில் கறியும் போகிறதா?" என்று கேட்கிறேன். பதில் சொல்பவர் யோசித்துச் சொன்னால் நம்புகிறேன். கண்ணிமைக்கும் நேரத்தில் "தனிதான்" என்று வந்தால், கூட்டத்தைத் தள்ளுவதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். செயலியில் குறிப்பு எழுதி அனுப்புவது பெரும்பாலும் வீண்; கல்லின் முன்னால் நிற்பவருக்குத் திரையில் இரண்டு வரி தெரியும், அவர் முதல் வரியைத்தான் படிப்பார். நேரில் போய், பகல் பதினொன்றரைக்கு முன்போ இரண்டு மணிக்குப் பின்போ கேட்டால், பத்துக்கு எட்டு இடத்தில் மனமுவந்து செய்து தருகிறார்கள். கல் வைத்திருக்கும் கடை என்றால், கல்லின்மேல் ஓர் அலுமினியத் தாளை விரித்து அதன்மேல் சுட்டுத் தரச் சொல்லலாம். எங்கள் வளாகக் கடையில் அந்த மதுரைப் பையனுக்குப் பிறகு நாங்கள் செய்தது அதுதான். தாள் கல்லின் சூட்டைச் சற்றுத் தாமதமாக வாங்கும், ஒரு நிமிடம் கூடுதலாக விட வேண்டும். மற்றபடி முறுகலும் வரும். சொல்ல மறந்துவிட்டேன், அவன் ஐப்பசி பிறந்ததும் வந்து மாட்டுக்கறி பர்கரே வாங்கித் தின்றான். புரட்டாசி முடிந்துவிட்டதாம்.

வறுவல் விஷயத்தில் "எண்ணெய்ச் சட்டி எத்தனை இருக்கிறது" என்று கேட்பதே போதும். ஒன்றுதான் என்றால் கதை முடிந்தது. இரண்டு மூன்று இருந்தால், உருளைக்கிழங்குக்கு மட்டும் ஒன்றை வைத்திருக்க வாய்ப்புண்டு. உருளைக்கிழங்கு சீக்கிரம் தீரும் பொருள் என்பதால் கடைக்கே அது வசதி.

உடம்புக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 113 கிராம் இம்பாசிபிள் வடையில் 19 கிராம் புரதம், 240 கலோரி, 8 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 370 மில்லிகிராம் சோடியம் என்று பொட்டலம் சொன்னது, நாங்கள் சுட்ட காலத்தில். அந்த நிறைவுற்ற கொழுப்பு பெரும்பாலும் தேங்காய் எண்ணெயின் கணக்கு. பன்னும் சீஸும் சாஸும் சேர்வதற்கு முந்தைய எண் அது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொலஸ்டிரால் இல்லை என்பதை வைத்துக்கொண்டு தினமும் தின்னும் பொருளல்ல. பயணத்தில் பசியடக்கும் பொருள்.

2020-க்குப் பிறகு இது மளிகைக் கடையிலும் தாராளமாகக் கிடைப்பதால், எங்கள் வீட்டில் இப்போது கடைக்குப் போவதே குறைந்துவிட்டது. பன் வாட்டிச் சலித்துப்போய், ஒருநாள் அரைத்த செடிக்கறியில் கோலா உருண்டை போடலாம் என்று மனைவி சொன்னாள். சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்துப் பிசைந்து எண்ணெயில் போட்டால், முதல் ஈடு அப்படியே கரைந்து எண்ணெய் முழுக்கப் பரவிவிட்டது. பிசையும்போது கைச்சூட்டிலேயே தேங்காய் எண்ணெய் உருகி மாவு தளர்ந்துவிட்டதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. இரண்டாம் ஈட்டுக்குப் பொட்டுக்கடலை மாவைக் கூடுதலாகச் சேர்த்து, உருட்டியதைக் குளிர்பெட்டியில் அரைமணிநேரம் வைத்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் நாலைந்தாக மட்டும் போட்டோம். உருண்டை நின்றது, மேலே நல்ல முறுகல். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும், ஏற்கெனவே அதில் இருக்கிறது. வாழைப்பூக் கோலாவுக்கு ஈடில்லை என்பது மனைவியின் கட்சி. ஆட்டுக்கறிக் கோலாவுக்குப் பக்கத்தில் வந்தது என்பது என் கட்சி. அவள் அதைத் தின்றதே இல்லை என்பதால் இந்த வழக்கில் தீர்ப்பு வராது.

ஊருக்குத் திரும்புமுன் அத்தை ஒரு சின்ன இரும்புக் கல் வாங்கித் தரச் சொல்லி, அதன் கைப்பிடியில் மஞ்சள் நூல் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். பயணம் போனால் அது காரின் பின்பெட்டியில் வரும். பூங்காக்களில் இருக்கும் பொதுக் கரியடுப்பின் கம்பிமேல் தாளை விரித்து, அதன்மேல் இந்தக் கல்லை வைத்துச் சுட்டுக்கொள்கிறோம். போன மாதம் ஒரு காலை, கையில் கிடைத்தது இதுதான் என்று அதில் முட்டையை உடைக்கப் போனேன். பின்னால் நின்ற மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நூலை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள். முட்டையைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு என் வாணலியைத் தேடப் போனேன்.